ஈய பிளக்

அந்தப் பையை மட்டும் மேலே வைக்க வேண்டாம் சார், என் மடியிலேயே இருக்கட்டும். கொஞ்சம் கனம்தான், பரவாயில்லை. நீங்கள் காலை நீட்டி உட்காருங்கள். மதுரைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. இந்த டிரைவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு மூன்றரை.

பேர் மாசானம். லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக ராத்திரி ஷிப்டு. பகலில் தூங்குகிறவன்தான், ஆனால் ஒரு வாரமாகக் கண் மூடுவதில்லை. பேசிக்கொண்டு வந்தால் உங்களுக்குத் தொந்தரவு என்றால் சொல்லிவிடுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையா? சரி.

பையில் என்ன இருக்கிறது என்றுதானே பார்க்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் எஞ்சினைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. மீட்டர் கேஜ் இருந்த காலத்தில் ஜங்ஷன். அகலப் பாதை போட்டபோது மூன்று மைல் தள்ளிப் போட்டுவிட்டார்கள், ஊர் அப்படியே படுத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு ஷெட், உள்ளே ஒரு நீராவி எஞ்சின். நம்பரில் கடைசி இரண்டு எண் நாற்பத்திரண்டு. அதனால் எல்லோருக்கும் அது நாற்பத்திரண்டுதான். அதைக் காப்பாற்ற ஒரு சங்கம். பதினோரு பேர். பத்துப் பேர் ரயில்வேயில் ரிட்டயரானவர்கள், பதினோராவது நான். ரயில்வேயில் கலாசி, அதாவது எடுபிடி வேலைக்கு மூன்று தரம் எழுதிப்போட்டு மூன்று தரமும் கிடைக்காதவன் நான். சங்கத்தில் சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம். அந்த எஞ்சினுக்கு எத்தனை போல்ட்டு, எத்தனை நட்டு, எத்தனை புஷ்... எல்லாம் ராத்திரி பட்டறையில் முதலாளி வேலை முடிந்தபிறகு நான் கடைந்தது. ஒரு பைசா வாங்கியதில்லை. அதை எழுதி வைத்திருக்கிறார்களா என்றால் இல்லை. அதை விடுங்கள்.

சங்கத்துக்கு நல்லபெருமாள் சார் செக்ரட்டரி. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். நாற்பத்திரண்டு ஓட வேண்டும் என்றால் பாய்லருக்குள்ளே குழாய் எல்லாம் மாற்ற வேண்டும், பதினெட்டு லட்சம் ஆகும். அவரும் போகாத இடம் இல்லை. ஜவுளிக்கடை முதலாளியிடம் போனோம், நானும் கூடப் போனேன். அவர் மோர் கொடுத்து உட்காரவைத்து எல்லாம் கேட்டுவிட்டு, அந்தக் குழாய் வெளியே தெரியுமா என்றார். தெரியாது, பாய்லருக்கு உள்ளே இருக்கும் என்றார் சார். அப்போ பெயிண்டுக்குத் தருகிறேன், கரி வண்டி பக்கவாட்டில் கடை பேர் எழுதிவிடுங்கள் என்றார். எழுதினோம். பல் ஆஸ்பத்திரிக்காரர் பித்தளை மணி வாங்கிக் கொடுத்தார். ஒரு கல்யாண மண்டபம் சீரியல் லைட் கொடுத்தது. சினிமாக்காரர்கள் வந்து புகை வேண்டும் என்று முன்பக்கம் டயரைப் போட்டுக் கொளுத்திவிட்டு, வாடகையில் பாதி கொடுத்துப் போனார்கள். எட்டு வருஷத்தில் ஆறு தரம் பெயிண்டு அடித்தோம் சார். கதவு சாத்த முடியாத அளவுக்குப் பெயிண்டு. உள்ளே குழாய் ஒன்றுகூட மாற்றவில்லை.

ஷெட்டு வாசலில் ஒரு போர்டு. பத்தாயிரத்துக்கு மேலே கொடுத்தவர்கள் பேர் மஞ்சள் எழுத்தில். நான் ஒரு நாள் கேட்டேன், கூச்சத்தோடுதான் கேட்டேன், சார், நான் செய்த வேலையைக் கூலி போட்டால் பத்தாயிரம் எப்போதோ தாண்டியிருக்குமே என்று. நல்லபெருமாள் சார் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “போர்டுல ரசீதுக்குத்தான் இடம் மாசானம், வேலைக்கு இடம் கிடையாது.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றையிலிருந்து நான் செய்த சாமான் ஒவ்வொன்றிலும் யாருக்கும் தெரியாத இடத்தில் இரண்டு எழுத்து குத்தி வைப்பேன். சு.மா. என் அப்பா பேர் சுடலை.

சிரிக்காதவர் ஒருத்தர் இருந்தார். தாவீது அண்ணாச்சி. ஃபயர்மேனாக இருந்து டிரைவராக ரிட்டயரானவர். அறுபத்தெட்டு வயசு, இரண்டு முட்டியும் போய்விட்டது. சங்கத்தில் அந்த எஞ்சினை மூட்டத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். என்னை லே போட்டுத்தான் பேசுவார். ஆனால் பட்டறைக்கு வந்து கூட உட்காருவார், டீ வாங்கி வருவார். அவர்தான் எனக்கு அந்த பிளக்கைக் காட்டிக் கொடுத்தது.

இதுதான் பையில் இருக்கிறது. பொறுங்கள், துணியைப் பிரிக்கிறேன்... வேண்டாம், பிறகு காட்டுகிறேன், பஸ் குலுங்குகிறது.

எஞ்சினில் தீ எரிகிற பெட்டி ஒன்று உண்டு சார், தீப்பெட்டி என்போம். அதன் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அடுப்பில் வைத்த பானை மாதிரிதான். தண்ணீர் இருக்கிறவரை பானைக்கு ஒன்றும் ஆகாது. வற்றினால்? தகடு சிவக்கும், குழையும், மேலே இருக்கிற நீராவி மொத்தமும் கிழித்துக்கொண்டு வரும். எதிரே நிற்கிறவன் கதி அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்தக் கூரையில் ஒரு பிளக் முடுக்கியிருப்பார்கள். எலுமிச்சம்பழம் அளவு. நடுவில் துளை, துளை நிறைய ஈயம். தண்ணீர் இறங்கினால் முதலில் அந்த ஈயம் உருகிக் கீழே விழும். துளை வழியே நீராவி தீயின் மேலே கொட்டும், தீ அமுங்கும், எஞ்சின் செத்துப்போகும், மனிதன் பிழைப்பான். அண்ணாச்சி சொல்வார், “தண்ணி காட்டுற கண்ணாடி பொய் சொல்லும்லே, மேஸ்திரி பொய் சொல்லுவான், நானே பொய் சொல்லுவேன். ஈயம் பொய் சொல்லாது.”

போன வருஷம் பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி கடிதம் போட்டது. பழைய எஞ்சின்களுக்குக் காசு கொடுக்கிற கம்பெனி. பதினெட்டு லட்சமும் கொடுப்போம், நேரில் வந்து பார்ப்போம், ஆனால் எஞ்சின் ஓட வேண்டும், ஓடாத எஞ்சினுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று. எப்படி இருக்கிறது பாருங்கள். பாய்லரைச் சரிபண்ணக் காசு வேண்டும் என்றால் அதே பாய்லரை மூட்டிக் காட்ட வேண்டும். சர்ட்டிபிகேட் காலாவதியாகி ரொம்ப நாள். பரிசோதனைக்கு எழுதிப்போட்டு ஏழு மாசம், ஆள் வரவில்லை. நல்லபெருமாள் சார் சொன்னார், ஒரே ஒரு நாள், ஷெட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இருநூறு மீட்டர், பிறகு புதுக் குழாய் வந்துவிடும் என்று.

அண்ணாச்சி முடியாது என்றார். நான்கு நாள் ஷெட்டுப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து இரண்டே இரண்டு சொன்னார். தண்ணி காட்டுகிற கண்ணாடி இரண்டில் ஒன்று உடைந்து மூடிக் கிடக்கிறது, அதை மாற்றணும். ஈய பிளக் கசிகிறது, அதைப் புதுசாக ஊற்றணும். இரண்டும் ஆனால் மூட்டுகிறேன்.

கண்ணாடிக்குச் சொல்லியிருந்த காசு பந்தலுக்குப் போய்விட்டது. பம்பாய்க்காரர்களை வெயிலில் நிறுத்த முடியுமா? பிளக் என்னிடம் வந்தது.

பழைய பிளக்கை அண்ணாச்சி ஞாபகத்துக்கு என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் கன்மெட்டல் என்கிற செம்புக் கலவையில் புதுசு கடைந்தேன், மரை எல்லாம் முடி அளவு பிசகாமல். ஈயம் ஊற்றினேன். பாய்லரில் தண்ணீர் ஏற்றிப் பார்த்தால் கசிகிறது. மறுபடி ஊற்றினேன். மறுபடி கசிகிறது, கண்ணீர் மாதிரி ஒவ்வொரு சொட்டாக. பம்பாய்க்காரர்கள் வர இரண்டு நாள் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி பட்டறையில் உட்கார்ந்து யோசித்தேன் சார். எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது கிடையாது. எட்டாவதுக்கு மேலே நான் படித்தது எல்லாம் பழைய பேப்பர் கடைப் புத்தகம். எல்லாம் நானே யோசித்துக் கண்டுபிடித்ததுதான். ஈயம் ரொம்ப இளக்கம், அதுதான் கசிகிறது. உருக வேண்டும், அவ்வளவுதானே? பித்தளையும் உருகுகிற சாமான்தான். என் கையில் இருக்கிற சின்ன கேஸ் டார்ச்சுக்கே பித்தளைக் கம்பி நெய் மாதிரி உருகி ஓடுகிறது. அத்தனை பெரிய தீப்பெட்டிக்கு உருகாமல் போகுமா? ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பித்தளையை உருக்கித் துளையை நிரப்பினேன். என்ன அழகாக உட்கார்ந்தது தெரியுமா! என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. அடியில் சு.மா. குத்தினேன்.

அண்ணாச்சிக்கு முட்டி மடங்காது, தீப்பெட்டிக்குள் நுழைய முடியாது. நான்தான் தவழ்ந்துபோய் முடுக்கினேன். வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

“ஊத்திட்டியாலே?”

“ஊத்திட்டேன் அண்ணாச்சி. இனி ஒரு சொட்டு விழாது.”

எதை ஊற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு வருஷம் கசியாமல் ஓடட்டும், அப்புறம் சொல்லி அவரை அசத்தலாம் என்று இருந்தேன். கண்ணாடி மாற்றவில்லையே என்று அவர் நல்லபெருமாள் சாரிடம் சண்டைக்குப் போனார். பிறகு பந்தலைப் பார்த்தார், நாற்காலி எல்லாம் இறங்கிவிட்டது, பேண்டு வாத்தியத்துக்கும், ஏறிப் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லியாகிவிட்டது. என்னைப் பார்த்து, “சரி, ஈயம் இருக்குல்லா” என்றார்.

நீராவி எஞ்சினை நினைத்தவுடன் மூட்ட முடியாது. முந்தின நாள் சாயங்காலமே தீ போட்டு, ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்ட வேண்டும். விடிய விடிய அவர் பக்கத்தில் நான் இருந்தேன். காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அவர் வேதக்காரர்தான், ஆனாலும் அது முடியாமல் ரெகுலேட்டரைத் தொட மாட்டார். எட்டரைக்கு நான் பல் விளக்கிவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனேன். வாயில் பேஸ்ட்டு.

சத்தம் பெரிதாக இல்லை சார். எல்லோரும் குண்டு மாதிரி என்று சொன்னார்கள். எனக்கு யாரோ பெரிய துணியைக் கிழித்த மாதிரிதான் கேட்டது. அப்புறம் வெள்ளையாக இருந்தது, எஞ்சின் தெரியவில்லை.

பத்தரைக்குப் பம்பாய்க்காரர்கள் வந்தார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு. காரை விட்டு இறங்கவில்லை. நான்காம் நாள் மலர்வளையம் அனுப்பினார்கள், ரிப்பனில் கம்பெனி பேர் பெரிதாக இருந்தது.

அண்ணாச்சி மூன்று நாள் இருந்தார். ஆஸ்பத்திரியில் வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார் என்று மதினி வந்து சொன்னாள், எஸ்தர் மதினி, அண்ணாச்சி சம்சாரம். நான் போய்க் காதை வாய்க்கு அருகில் வைத்தேன். “ஈயம் விழலியேலே” என்றார். அவ்வளவுதான். அப்புறம் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும் சார். சாகப்போகிற மனிதன் சொன்ன வார்த்தை. ஈயம் விழவில்லை என்றால் என்ன அர்த்தம்? தண்ணீர் இருந்தது என்று அர்த்தம். தண்ணீர் இருந்தது என்றால் அண்ணாச்சி மேலே தப்பு இல்லை. தகடு பழசு, கிழிந்துவிட்டது. நேராகத்தானே இருக்கிறது கணக்கு? ஆனால் விசாரணைக்கு வந்தவர்கள் என்ன எழுதினார்கள்? ஃபயர்மேன் தண்ணீரைக் கவனிக்கவில்லை. பாதுகாப்பு பிளக் அதன் இடத்தில் இல்லை. அது இருக்கிறதா என்று பார்ப்பது ஃபயர்மேன் பொறுப்பு. அதைக் காட்டி மதினிக்கு இன்சூரன்ஸ் பணம் இல்லை என்றார்கள். கோயிலில்கூட, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏற வேண்டிய எஞ்சின், இந்த ஆள் தூங்கிவிட்டான், கர்த்தர் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று யாரோ பேசினார்களாம். மதினி கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

பிளக் எப்படி இல்லாமல் போகும் என்கிறீர்களா? நான்தான் எடுத்தேன். அன்றைக்கு சாயங்காலமே, தகடு ஆறினதும் உள்ளே தவழ்ந்துபோய்க் கழற்றினேன். எங்கள் ஊர்ப் பழைய இரும்புக்காரர்களை உங்களுக்குத் தெரியாது. செம்பு பித்தளை என்றால் ஒரு ராத்திரி தாங்காது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். ஆபீசர்கள் பிளக் எங்கே என்று கேட்டபோது நானும் வரிசையில் நின்றேன். சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னவோ வாய் வரவில்லை. பிறகு அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை வலியப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள்?

ஆனால் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். இந்த எட்டு மாசம் அண்ணாச்சிக்காக நான் ஏறாத படி இல்லை. ரிட்டயரான போர்மேன் ஒருத்தர் வீட்டுக்குப் போய் இதைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், என் கையில் கொடுத்துவிட்டு மாத்திரை போடணும் என்று உள்ளே போய்விட்டார். நல்லபெருமாள் சாரிடம் காட்டினேன். அவர் தொடக்கூட இல்லை. “இதை எங்கயாவது குளத்துல போட்டுருங்க மாசானம்” என்றார். பயம். எல்லோருக்கும் பயம். எஞ்சினை வருகிற பதினான்காம் தேதி பழைய இரும்புக்கு ஏலம் விடுகிறார்கள், அதைக்கூட யாரும் தட்டிக் கேட்கவில்லை. போர்டில் இருக்கிற பேர்க்காரர் ஒருத்தராவது வந்தாரா? ஜவுளிக்கடைக்காரர் ஆள் அனுப்பினார், எதற்கு? கரி வண்டியில் இருக்கிற கடை பேரை அழிப்பதற்கு.

போன வாரம் தாங்க முடியாமல் மதினி வீட்டுக்கே போனேன். அடக்கத்துக்குப் பிறகு நான் போகவில்லை, என்னமோ கால் போகவில்லை. மதினிக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம். காபி போட்டாள். நான் பிளக்கை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்ன மாதிரியேதான், ஒன்றும் ஒளிக்கவில்லை. ஈயம் கசிந்தது, பித்தளை வைத்தேன், உருகவில்லை, ஆகவே தண்ணீர் இருந்தது, ஆகவே அண்ணாச்சி தூங்கவில்லை. இதோ சாட்சி.

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் பழைய பிளக்கை எடுத்துவந்தாள். அண்ணாச்சி ஞாபகத்துக்கு என்று வைத்திருந்தாரே, அது. கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். தோசைக்கல்லை எடுத்துவிட்டு, தீமேல் இரண்டையும் அருகருகே வைத்தாள். ஃபயர்மேன் பெண்சாதி சார், முப்பது வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டவள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பழசிலிருந்து ஈயம் இளகிச் சொட்டுச் சொட்டாக அடுப்பில் விழுந்தது. துளை தெரிந்தது, துளை வழியாகத் தீ தெரிந்தது. என்னுடையது அப்படியே இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். கால் மணி, அரை மணி. நான் சொன்னேன், மதினி, கேஸ் வீணாகுது. அடி எல்லாம் கறுத்து நிறம் மாறியது, ஆனால் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விழ வேண்டுமே. அப்படி ஒரு வேலை. எனக்கே பெருமையாக இருந்தது. பழசு தேய்ந்துபோன சாமான், அது விழுந்ததில் அதிசயம் இல்லை.

அடுப்பை அணைத்தாள். இடுக்கியால் எடுத்துக் கரித்துணியில் வைத்துச் சுற்றி என் பக்கம் தள்ளினாள். அழவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள், ஈயம் தீய்ந்த வாடை. அப்புறம் சொன்னாள்:

“தம்பி, இதைக் குளத்துல போட்டுராதீங்க. மதுரையில அந்த விசாரணைக்காரங்க பெரிய ஆபீசு இருக்குல்லா, அங்க கொண்டுபோய்க் குடுங்க. எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க, ஒண்ணு விடாம.”

“அவங்க நம்புவாங்களா மதினி?”

“நம்புவாங்க. நீங்க குடுத்தா நம்புவாங்க.” பிறகு, “யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. உங்க பேரைச் சொல்லணும். மறைக்கப்பிடாது” என்றாள்.

நான் எதற்கு மறைக்கிறேன்? இருபத்தாறு வருஷத்தில் நான் செய்த ஒரு சாமானைக் கையில் எடுத்து இதை யார் செய்தது என்று எவனாவது கேட்டிருக்கிறானா? மதினி ஒருத்திக்குத்தான் அது தோன்றியது. வாசல் வரைக்கும் வந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. காபி தம்ளர் இன்னும் என் கையில் இருந்தது. அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றையிலிருந்து பகல் தூக்கமும் போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே போகிறேன். பிளக்கைக் கொடுப்பேன், எழுதிக்கொள்வார்கள், அண்ணாச்சி மேல் தப்பு இல்லை என்று தெரிந்துவிடும், மதினிக்குப் பணம் வரும், ஏலத்தைக்கூட நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அந்தக் காகிதத்தில் என் பேரும் இருக்கும். சு. மாசானம், லேத் பட்டறை.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் பக்கம்தான். இருங்கள், இப்போது ரோடு சமமாக இருக்கிறது, துணியைப் பிரிக்கிறேன். இதோ. அடியில் பாருங்கள், கரியைத் துடைத்தால் எழுத்து தெரியும்.

என்ன சார், அப்போதிலிருந்து ஒன்றும் பேசாமல் வருகிறீர்கள்? கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது. சுடாது.